மூணாவது வரிசை

— பன்னெண்டு. ரெண்டு தடவை எண்ணிட்டேன். பன்னெண்டும் மூணாவது வரிசை.

— ஒண்ணுலயும் ரெண்டுலயும், அக்கா?

— ஒரு முயல்குட்டிகூட சாகல. மூச்சு வாங்கிகிட்டு, காதைத் தொங்கப் போட்டுகிட்டு, தீனியைத் திரும்பிக்கூடப் பாக்காம கெடக்குதுங்க. ஆனா உசிரோட கெடக்குதுங்க.

— ஒரு நிமிஷம்க்கா, எழுதிக்கறேன்.

— எழுது, எழுது. தகரத்துக்கு நேர் கீழ வேகற வரிசை ரெண்டும் பொழைச்சிருக்கு. காத்து வர்ற ஓரத்துல, ஐஸ் பாட்டிலைக் கட்டிப் புடிச்சுகிட்டு ராஜ உபசாரத்துல இருக்கற வரிசை சாவுது. தீவன மில்லு லேப்ல எட்டு வருஷம் உக்காந்திருந்தியே, இதுக்கு அங்க என்ன பேரு வச்சிருந்தாங்க?

— பேரு தெரியல. தலைகீழா இருக்குன்னு மட்டும் தெரியுது.

— அது லேப்புக்குப் போகாமலே எனக்குத் தெரியும். இந்தச் சாக்கோட அந்தப் பக்கத்தைப் புடி. குழில போட்டு சுண்ணாம்பு தூவணும். உன் மாமா எந்திரிச்சு வர்றதுக்குள்ள.

— மாமா பாத்துட்டாரா?

— காலைல அஞ்சைப் பாத்தாரு. அப்புறம் செத்த ஏழை நான் மூடி வச்சிட்டேன். ஆனா அவருக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? மதியம் ரெண்டு வாய் சாப்பிட்டாரு, தட்டைத் தள்ளி வச்சிட்டாரு. "என் கை பட்ட வரிசைதான் சாவுது"ன்னாரு.

— என்னக்கா பேச்சு இது.

— நானும் அதான் கேட்டேன். அவரு நிதானமா, கணக்கு வாத்தியாரு மாதிரி சொல்றாரு. "ஒண்ணு, ரெண்டுக்கு நடுவுல என் சக்கர வண்டி நுழையாது. மூணாவது பாதைதான் அகலம். நான் அதுலதான் போறேன், வர்றேன், கூண்டு கூண்டா கையை விட்டு பாட்டில் வைக்கறேன். காலை எடுத்தாங்க, கிருமியை எடுத்தாங்களா? அது என் கையில இருக்கு. கையிலேர்ந்து கூண்டுக்குப் போகுது"ன்னு.

— புண்ணு ஆறி எட்டு மாசம் ஆச்சு. ஆஸ்பத்திரில மூணு தடவை டெஸ்ட் எடுத்துப் பாத்து, சுத்தமா இருக்குன்னு எழுதிக் குடுத்தாங்களே.

— காயிதத்தை நம்பற மனுஷனா அவரு? அஞ்சு வருஷம் முயலுக்குக் கழிச்சல் வராம இருக்க அந்த மருந்துப் பொடியை வெறுங்கையால தீனில பெசைஞ்சாரு. கால்ல கம்பி குத்தின புண்ணு, அதையும் அதே கையால தடவிகிட்டு. கடைசில ஆஸ்பத்திரில எந்த மருந்தைக் குடுத்தாலும் புண்ணு சிரிச்சுது. அந்த டாக்டரம்மா கேட்டாங்க பாரு, "வீட்ல கால்நடை இருக்கா, தீனில மருந்து கலப்பீங்களா"ன்னு. அதனாலதான்னும் அவங்க சொல்லல, இல்லைன்னும் சொல்லல. கேட்டாங்க, அவ்ளோதான். அந்த ஒரு கேள்வி இவரு மண்டைக்குள்ள அப்படியே உக்காந்திருச்சு.

— அதனாலதானே மருந்து மூட்டையைத் தூக்கி வெளிய போட்டீங்க.

— நான் போட்டேன். இன்னைக்கு அவரே உன் புருஷனைக் கூப்பிட்டு, "தம்பி, போய் ரெண்டு மூட்டை வாங்கிட்டு வா, என்னால இதுங்க சாகறதைப் பாக்க முடியல"ங்கறாரு. இவனும் அண்ணன் சொல்லைத் தட்டாதவன் ஆச்சே, வண்டியை எடுத்துட்டுப் போயிட்டான். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மூட்டை வந்துரும். ராத்திரித் தீனில கலந்துரும்.

— நீங்க வேண்டாம்னு சொல்லலயா?

— சொல்ல வாய் வரல. நானும் எத்தனை நாளைக்குக் குழி தோண்டுவேன், சொல்லு. நீ அஞ்சு மணிக்குள்ள காரணத்தைக் கண்டுபுடி, மூட்டையை வாசல்லயே நான் திருப்பி அனுப்பறேன். இல்லேன்னா என்கிட்ட வம்புக்கு வராத, சொல்லிட்டேன்.

— அப்படின்னா மொதல்லேர்ந்து வருவோம். தீனி மூணு வரிசைக்கும் ஒண்ணுதானே?

— ஒரே மூட்டை. நானே அள்ளிப் போடறேன்.

— குட்டிங்க வயசு?

— எல்லாம் ஒரே வாரத்துல தாய்கிட்டேர்ந்து பிரிச்சது. கூண்டுக்கு ஆறு.

— செத்ததோட வயிறு?

— பந்து மாதிரி. தட்டினா டொப்புங்குது. பின்பக்கம் கழிச்சல். பழைய காலத்துல மருந்து போடறதுக்கு முன்னாடி எப்படி சாகுமோ, அதே மாதிரி.

— அதே மாதிரியா?

— அச்சு அசல். அதனாலதான் கேக்கறேன், மருந்துக்குப் பதிலா நீ குடுக்கச் சொன்ன புளிப்புத் தண்ணி என்னதான் பண்ணுது? நீ ஆறு மாசத்துக்கு முன்னாடி சொன்னது எனக்குப் பாதி மறந்துபோச்சு. மீதிப் பாதி அப்பவே புரியல.

— முயல் வயித்துல பாதிக்கு மேல ஒரு பெரிய பைதான்க்கா. குடலோட ஒரு ஓரத்துல தொங்கும். அதுக்குள்ள நல்ல கிருமிங்க கோடிக்கணக்குல குடியிருக்கு. தின்ன புல்லையும் தவிட்டையும் அதுங்கதான் புளிக்க வச்சு, சத்தா மாத்திக் குடுக்கும். அதே பைல கெட்டதுங்களும் கொஞ்சம் ஒதுங்கி உக்காந்திருக்கும், எப்படா இடம் கெடைக்கும்னு பாத்துகிட்டு.

— வாடகைக்கு வந்தவன் மாதிரி.

— வாடகை குடுக்காதவன் மாதிரி. மருந்து என்ன பண்ணும்? வீட்டையே கொளுத்தி எல்லாரையும் வெளிய விரட்டும். அதுல தப்பிச்சவன் தீக்குப் பழகிடுவான். அடுத்த தடவை நீங்க கொளுத்தினா உக்காந்து குளிர் காய்வான்.

— உன் மாமா கால்ல உக்காந்து குளிர் காஞ்சானே, அவன் மாதிரி.

— ம். புளிப்பு அப்படிக் கொளுத்தாது. நல்லதுங்களுக்குப் புளிப்பு ஒத்துக்கும், கெட்டதுக்கு ஒத்துக்காது. வீட்டை எப்பவும் கொஞ்சம் புளிப்பாவே வச்சிருந்தா, அதுங்க பெருகாம ஓரத்துலயே கெடக்கும். ஆனா ஒண்ணு, தினமும் உள்ள போயிகிட்டே இருக்கணும். குறைஞ்சா வீடு மறுபடி அவங்களுக்கு வசதியாயிடும்.

— ஏன் தண்ணில ஊத்தற? தீனில கலந்தா என்ன?

— தீனி கட்டை கட்டையா வருதே, மேல தூவினா ஒட்டாது. கம்பி வலை வழியாக் கீழ கொட்டிடும். அதோட இந்த வெயில்ல பாதித் தீனிதான் திங்கும். தீனில வச்சா, புளிப்பு எப்ப அதிகமா வேணுமோ அப்பதான் கம்மியாப் போகும். தண்ணின்னா வெயில் ஏற ஏற அதிகமாக் குடிக்கும், அதிகமாப் போகும். நான் இதை யோசிச்சப்ப எனக்கே என்னை நெனச்சு பெருமையா இருந்துச்சு.

— அதை நீ மூணு நாளு சொல்லிகிட்டே திரிஞ்ச.

— சொன்னேன், சொன்னேன். இப்பக் கேளுங்க. முயலுக்கு வேர்க்காது. காதுதான் அதுக்கு விசிறி. சூடு ஏறினா ரத்தத்தை எல்லாம் காதுக்கு அனுப்பி ஆத்தும். அப்ப குடலுக்கு ரத்தம் குறையும், குடல் சுவரு தளரும், கெட்டது உள்ள நுழையும். அதனாலதான் கோடையில கழிச்சல் கூடும்.

— அப்படின்னா அதிகமா வேகற ஒண்ணும் ரெண்டும்தானே மொதல்ல சாகணும்?

— அதான்க்கா எனக்குப் புரியல. குளிர்ச்சியான வரிசைல குடல் நல்லா இருக்கணும். தீனியும் அங்கதான் நல்லாத் திங்குது.

— நல்லாத் தின்னுட்டு நல்லா சாவுது. சரி, இரு. உன் போன் அடிக்குது.

— ஹலோ. ம், சொல்லுங்க. கடைக்கு வந்துட்டீங்களா? இல்ல, இன்னும் தெரியல. ஒரு மணி நேரம் பொறுங்களேன். ஏன், கடைக்காரர் எங்க ஓடிப்போறாரு? ஊருக்கா? சரி, பூட்டிட்டுப் போகட்டும். இல்லைங்க, நான் சண்டை போடல. அண்ணன் சொன்னாருன்னா? அண்ணன் நேத்து ராத்திரி பூரா தூங்காத மனுஷன், அவரு சொல்றதை எல்லாம்... ஹலோ? ஹலோ?

— வச்சுட்டானா?

— மூட்டையை வண்டில ஏத்தியாச்சாம். வழியில டீசல் போட்டுட்டு வர்றாராம்.

— ஏத்தாம என்ன பண்ணுவான். அவனுக்கு அவன் அண்ணன் அழுததுதான் கண்ணுக்குள்ள நிக்குது. எனக்கும்தான்.

— அக்கா, தண்ணி டப்பாவை யாரு ரொப்பறா?

— நான்தான். விடிஞ்சதும் மூணு டப்பாவையும் வழிய வழிய ரொப்பி, ஒவ்வொண்ணுலயும் நீ குடுத்த மூடியால ரெண்டு மூடி புளிப்பு ஊத்தறேன். ஒரு சொட்டு முன்ன பின்ன இல்ல. அதுல குத்தம் கண்டுபுடிக்காத.

— குத்தம் இல்லக்கா. மறுநாள் ரொப்பும்போது டப்பால எவ்வளவு மிச்சம் இருக்கும்?

— அதை யாரு பாத்தா? அரைத் தூக்கத்துல டப்பாவைக் கவுத்து, மிச்சத்தைச் செடிக்கு ஊத்திட்டு புதுசா ரொப்பறேன். நீதானே சொன்ன, பழைய தண்ணி வச்சிருக்காதேன்னு.

— மிச்சத்தை ஊத்துவீங்களா? அதிகமா ஊத்தினது எந்த டப்பான்னு ஞாபகம் இருக்கா?

— ஏன்டி வக்கீல் மாதிரி கேக்கற? ஞாபகம் இல்ல. ஒரு டப்பா கனமா இருக்கும். எதுன்னு பாத்ததில்ல.

— வாங்க, இப்பப் பாத்துடலாம். வெள்ளை டப்பாதானே, வெளியிலேர்ந்தே தெரியும். விடிகாலைல ரொப்பினது, இப்ப மணி ரெண்டரை. ஒண்ணாவது வரிசை: அடியில நாலு விரல்தான் இருக்கு.

— ரெண்டாவது அதுக்கும் கீழ.

— மூணாவது?

— கழுத்து வரைக்கும் நிக்குது.

— கழுத்து வரைக்குமா?

— வந்து பாரு. காலைல ரொப்பினதுல கால் பங்குகூட எறங்கல. அப்போ அடைச்சுகிச்சா? குழாய் முனையில இருக்கற நிப்பிள்ல பாசி புடிச்சிருக்கும். சனியனே, இதுக்குத்தானா இத்தனை குழி.

— இருங்க, இருங்க. ஒவ்வொரு நிப்பிளா அழுத்துங்க.

— வருது. இதுலயும் வருது. இதுலயும். பீச்சியடிக்குது, என் புடவையெல்லாம் நனையுது. அடைப்பு இல்லடி.

— அடைப்பு இல்ல. தண்ணி வாய்க்கு வருது. ஆனா குடிக்கல. இத்தனை குட்டி, இந்த வெயில்ல, தண்ணி குடிக்காம எப்படி இருக்கும்? செத்தாகணுமே.

— சாவுதே.

— இல்லக்கா, தாகத்துல செத்தா வயிறு உப்பாது. இதுங்க எங்கயோ குடிக்குது. வேற எங்கயோ.

— கொட்டகைல வேற தண்ணியே இல்ல. தரைகூட காஞ்சு கெடக்கு.

— பேசாம கொஞ்ச நேரம் இங்கயே நிப்போம். அசையாதீங்க. பாத்துகிட்டே இருங்க.

— நாலாவது கூண்டுல ஒண்ணு எந்திரிக்குது.

— ம்.

— பாட்டில்கிட்ட போகுது. கட்டிப் புடிச்சு உக்காந்துக்கும், தினமும் அப்படித்தான். உன் மாமா பாத்து பாத்து சிரிப்பாரு.

— அக்கா, அது வாயைப் பாருங்க.

— நக்குது.

— பக்கத்துலயும் பாருங்க. ரெண்டு, மூணு. எல்லாம் பாட்டிலைத்தான் நக்குது. பாட்டில் வெளிப்பக்கம் முத்து முத்தா வேர்த்திருக்கு பாருங்க, அதைத்தான் நக்குது.

— அட, குளுகுளுன்னு இருக்கற தண்ணி கெடைச்சா நான்கூடத்தான் சூடு புடிச்ச குழாய்த் தண்ணியைத் தொடமாட்டேன்.

— அதேதான். கூண்டுக்கு ரெண்டு பெரிய பாட்டில், காலைல ஒரு தடவை, மூணு மணிக்கு ஒரு தடவை. ஒவ்வொண்ணும் உருகி முடியறதுக்குள்ள அரை டம்ளராவது வேர்க்கும். அதோட உடம்பு குளிர்ந்து கெடக்குதா, தாகமும் பாதிதான். நிப்பிள் பக்கம் போக வேண்டிய வேலையே இல்ல. அப்போ புளிப்பும் உள்ள போறதில்ல.

— ஒண்ணும் ரெண்டும் வேகுது, தண்ணியா குடிக்குது, புளிப்பும் போகுது, பொழைக்குது.

— மூணு சுகமா இருக்கு, குடிக்கறதில்ல, சாவுது. பாட்டில் வைக்க ஆரம்பிச்சு எத்தனை நாளாச்சு?

— பன்னெண்டு பதிமூணு நாள். சாவு ஆரம்பிச்சு ஒம்பது நாள்.

— ஒரு கூண்டுல மட்டும் சோதிச்சுப் பாத்துடறேன். இந்தக் கூண்டுப் பாட்டில் ரெண்டையும் எடுத்துடறேன். இருங்க. நக்கின இடத்தை மோந்து பாக்குது. தேடுது. அங்க பாருங்க.

— நிப்பிளுக்குப் போயிடுச்சு.

— வரிசை கட்டி நிக்குது. ஆறும். அக்கா, கெடைச்சிருச்சு. அவருக்குப் போன் போடறேன், மூட்டையோட அப்படியே திரும்பச் சொல்றேன்.

— போனைக் கீழ வை.

— ஏன்க்கா?

— பாட்டில் வைக்கறது யாரு?

— மாமா.

— மாமாதான். "என் கை பட்டு சாவுது"ன்னு அந்த மனுஷன் படுத்துகிட்டு செவுத்தைப் பாத்துட்டிருக்காரு. நீ இப்பப் போய், "ஆமா மாமா, உங்க கைதான்"னு சொல்லப் போறியா?

— கிருமி இல்லைன்னு சொல்வேன். பாட்டில்னு சொல்வேன்.

— பாட்டில் தானா நடந்து போய் கூண்டுல ஏறி உக்காந்துச்சா?

— அக்கா...

— நீ ஒண்ணும் தெரியாத மாதிரி பேசாத. காலை எடுத்துட்டு வந்து ஏழெட்டு மாசம் இந்தக் கொட்டகைப் பக்கமே அவரு வரல. வெயில் வந்துச்சு. அவரே ஒரு நாள் பழைய பாட்டிலா பொறுக்கி, தண்ணி ரொப்பி, பிரிட்ஜ்ல அடுக்கினாரு. மறுநாள் மடில நாலு பாட்டிலை வச்சுகிட்டு வண்டியைத் தள்ளிகிட்டு வர்றாரு, கல்யாணத்துக்கு வர்ற மாதிரி. மூணாவது வரிசைல எந்தக் குட்டி எப்படி முழிக்கும்னு அவருக்குத் தெரியும். பேரு வச்சிருக்காரு ஒவ்வொண்ணுக்கும். ஒண்ணுக்கு உன் பேரு, தெரியுமா?

— தெரியாது.

— எப்பவும் எதையாவது மோந்து மோந்து ஆராய்ச்சி பண்ணிகிட்டே இருக்குமாம். அது இன்னும் உசிரோடதான் இருக்கு, பயப்படாத.

— அப்போ என்னக்கா பண்றது? சொல்லாமலே விட்டா மூட்டை உள்ள வந்துரும்.

— பாட்டிலுக்குள்ளயே உன் புளிப்பை ஊத்தி உறைய வச்சிட்டா? அவரும் வைக்கலாம், இதுங்களும் நக்கலாம்.

— நக்கறது உள்ள இருக்கற தண்ணி இல்லக்கா. காத்துல இருக்கற ஈரம் வந்து பாட்டில் மேல படிஞ்சு, அதுதான் வேர்க்குது. உள்ள எதை ஊத்தினாலும் வெளிய வேர்க்கறது வெறும் தண்ணிதான்.

— சே. அப்போ பிரிட்ஜ் பிளக்கைப் புடுங்கி விட்டுட்டு, கெட்டுப்போச்சுன்னு சொல்லிடுவோம். ரிப்பேர்க்காரன் இந்த வெயில்ல ஒரு மாசம் வரமாட்டான்.

— அவரு உக்காந்து பிரிட்ஜை அக்கக்காப் பிரிச்சு பாத்துருவாரு.

— ஆமா. அதுவும் சரிதான். பிளக்கைத்தான் மொதல்ல பாப்பாரு.

— பொய் சொல்லி பாட்டிலை நிறுத்தினா, நாளைக்கு சாவு நிக்கும். "நான் போகாததும் நின்னுருச்சு பாத்தியா"ன்னு அவரு சொல்வாரு. அப்பறம் சாகற வரைக்கும் அது அவரு கைதான். அது இதைவிட மோசமில்லயா?

— நீ பேசறது சரிதான். உண்மையைச் சொல்றது சுலபம்னு மட்டும் நெனைக்காத.

— நான் சொல்றேன். தண்ணில ஊத்தலாம்னு சொன்னது நான். பாட்டில் வச்சா தண்ணி குடிக்குமான்னு யோசிக்காம விட்டதும் நான். பன்னெண்டு நாளா தினமும் இந்த வழியாப் போயிட்டு வந்தேன். டப்பாவைத் திரும்பிப் பாக்கல. இதுல அவரு பங்கு பாதின்னா, என் பங்கு முக்கால்.

— பங்கு போடறதுக்கு இது என்ன வீட்டுமனையா? பேசாம இரு. உன் மாமா வண்டிச் சக்கரச் சத்தம்.

— மணி மூணு.

— அந்தப் பாட்டிலை மறுபடி கூண்டுக்குள்ள வை.

— வேண்டாம்க்கா. கையிலயே வச்சிருக்கேன்.

— என்ன ரெண்டு பேரும் சிலையா நிக்கறீங்க? சாக்கை எங்க கொண்டு போய் ஒளிச்ச?

— ஒண்ணும் ஒளிக்கல. நீங்க ஏன் அதுக்குள்ள எந்திரிச்சு வந்தீங்க?

— உங்க பேச்சுதான் ஜன்னல் வழியா வீட்டுக்குள்ள குடியிருக்கே. ரகசியம் பேசணும்னா ரெண்டு பேருல ஒருத்தராவது மெதுவாப் பேசணும். என்னம்மா, என்னமோ கெடைச்சிருச்சுன்னு சொன்னியே?

— மாமா, கேட்டுட்டீங்களா?

— பாதி கேட்டேன். மீதியை நீ சொல்லு. உனக்கு வெளக்கிச் சொல்றதுன்னா பிடிக்குமே, வெளக்கு.

— உங்க கிருமி இல்ல மாமா. உங்க கைல ஒண்ணுமே இல்ல. மூணாவது வரிசை புளிப்புத் தண்ணியைக் குடிக்கல. டப்பா கழுத்து வரைக்கும் நிக்குது, நீங்களே பாக்கலாம். பாட்டில்ல வேர்க்கற தண்ணியை நக்கிட்டு, அதுலயே தாகம் தீந்து, நிப்பிள் பக்கமே போறதில்ல. புளிப்பு உள்ள போகாததால வயித்துல பழைய சீக்கு திரும்பிடுச்சு. அவ்ளோதான்.

— நக்கும்னு எனக்குத் தெரியும்.

— தெரியுமா?

— மொத நாளே பாத்தேன். நான் பாட்டிலை உள்ள வைக்க வைக்கவே ஓடி வந்து நக்கும். மீசை என் விரல்ல படும். ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்பறம் எல்லாரும் கையைக் கழுவிட்டு வந்து என்னைத் தொடுவாங்க, தொட்டுட்டுப் போய் கழுவுவாங்க. இதுங்க மட்டும் அப்படியே வந்து நக்குச்சு. அது தண்ணிக் கணக்குன்னு எனக்குத் தோணல.

— யாரு கழுவினா? நான் கழுவினேனா?

— நீ இல்ல. விடு. அப்போ ஏம்மா, செத்தது அத்தனையும் என் கைக் கிருமியால இல்ல, நான் வச்ச பாட்டிலாலதானா?

— பாட்டிலால மாமா. நான் டப்பாவைப் பாக்காததால.

— அப்படியா சங்கதி.

— மாமா, என் மேல கோவப்படுங்க.

— கோவம் எதுக்கு? எட்டு மாசமா தினமும் ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் என் கையை நானே பிரஷ் போட்டுத் தேய்ச்சுகிட்டிருக்கேன். தோலு உரிஞ்சு கெடக்கு பாரு. இன்னைக்கு ராத்திரி தேய்க்க வேண்டாம்னு சொல்ற. அதுக்குக் கோவப்படுவாங்களா?

— இதை ஏங்க என்கிட்ட சொல்லல?

— சொன்னா நீ பிரஷ்ஷை ஒளிச்சு வைப்ப. மொதல்ல தம்பிக்குப் போன் போடு. மூட்டை இந்த வாசப்படியைத் தாண்டக் கூடாது. கடை பூட்டியிருந்தா நாளைக்குத் திருப்பிக் குடுக்கட்டும், இன்னைக்கு வண்டியிலயே கெடக்கட்டும்.

— நான் போடறேன். ஹலோ, தம்பி, நான் அண்ணி. எங்க இருக்க? அங்கயே ஓரமா நிறுத்து. மூட்டை வேண்டாமாம். யாரு சொன்னதுன்னா கேக்கற? உன் அண்ணன்தான், பக்கத்துலதான் இருக்காரு. ஆமா, கண்டுபுடிச்சாச்சு. உன் பொண்டாட்டிதான். வந்து கேட்டுக்கோ, அவளே மூணு நாளைக்கு சொல்லுவா.

— அந்தக் கூண்டுல பாட்டிலை எடுத்துட்டியாம்மா?

— எடுத்துட்டேன் மாமா. ஆறும் நிப்பிள்ல குடிக்குது, பாருங்க.

— குடிக்குது. ஆனா அதுக்குள்ள மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சு. காதைப் பாத்தியா, எப்படிச் செவந்திருக்கு. நீ சொல்லுவியே, ரத்தம் பூரா காதுக்குப் போனா குடலுக்குக் கம்மின்னு. பாட்டிலை எடுத்தா புளிப்பு போகும், சூடு குடலைக் கெடுக்கும். வச்சா குளிரும், புளிப்பு போகாது.

— ஆமா மாமா. அதான் நானும் முழிக்கறேன். ரெண்டும் வேணும்.

— உன் கையில இருக்கே அந்தப் பாட்டில், அதைக் கூண்டுக்கு மேல வை. வலை மேல.

— மேலயா?

— அடியில ஒரு தட்டு வை, சொட்டு கீழ விழாம. ஓரமா வேண்டாம், நடுவுல. ம். இப்பத் தள்ளி நில்லு.

— என்னங்க பண்றீங்க?

— பாத்துகிட்டிரு. எந்திரிச்சு பாட்டிலுக்கு நேர் கீழ வந்து படுக்குது பாரு. ஒண்ணு. ரெண்டு. அண்ணாந்து மோந்து பாக்குது. நாக்கு எட்டல. சலிச்சுப்போய்...

— நிப்பிளுக்குப் போகுது. குடிச்சுட்டு மறுபடி பாட்டில் கீழயே வந்து படுக்குது. மாமா, இது எனக்குத் தோணவே இல்ல.

— உனக்குத் தோணாது. நீ நின்னுகிட்டு மேலேர்ந்து பாக்கற. நான் உக்காந்துகிட்டு அதுங்க கண்ணு மட்டத்துலேர்ந்து பாக்கறேன்.

— அப்போ பழையபடி நீங்களே வைங்க. நான் தட்டு எடுத்துத் தர்றேன்.

— நானா? வேண்டாம். பாட்டிலை இனிமே கூண்டுக்கு உள்ள வைக்கக் கூடாது, மேல தட்டுலதான் வைக்கணும். குளிர் கீழ எறங்கும், நாக்கு எட்டாது, புளிப்புத் தண்ணியைக் குடிச்சே ஆகணும். இந்த வண்டியில உக்காந்துகிட்டு எனக்கும் அவ்வளவு உயரம் எட்டாது, அதனால நாளையிலேர்ந்து மூணு வரிசைக்கும் நீங்க ரெண்டு பேருமே வைங்க.